மனையியற் கல்வியின் தோற்றம்

குடும்ப உறவு, குழந்தை வளர்ச்சி, ஆடையியல் ஆகிய மூன்றும் ஒரே துறையின்கீழ்ப் பயிலப்படுதலைக் காண்போர், இவை எவ்வாறு ஒன்றுகூடின என வினவுதல் இயல்பே. உறவு சமூகவியலைச் சார்ந்தது. குழந்தை உளவியலைச் சார்ந்தது. ஆடையோ வேதியியலையும் கைத்தொழிலையும் சார்ந்தது. மூன்றும் மனையின்கண் நிகழ்வன ஆதலின் ஒன்றுபட்டன என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்து. பல்கலைக்கழகங்கள் பெண்டிர்க்கு வேறு வாயில் திறவாமையும் இக்கூட்டுறவுக்குக் காரணமாகும்.

எல்லென் ரிச்சர்ட்ஸ் (1842–1911) என்பாரின் வாழ்க்கை இதற்குச் சான்று பகரும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்க்கப்பெற்ற முதற் பெண்மணி இவரே. 1873இல் ஆண்டு வேதியியலிற் பட்டம் பெற்றார். நீரின் தூய்மையை ஆராய்வதில் வல்லவராய் விளங்கியும், 1884 முதல் இறுதிவரை நலவாழ்வு வேதியியலின் பயிற்றாசிரியராகவே இருந்தார். பேராசிரியப் பதவி அவரை எட்டவில்லை. தம் வேதியியலைக் குடிநீர், உணவு, காற்று என மனைக்குள் கொணர்ந்தவர் அவர். 1899இல் லேக் பிளாசிட் என்னுமிடத்தில் தொடங்கிய மாநாடுகள் பத்தாண்டுகள் தொடர்ந்தன. இத்துறைக்கு என்ன பெயரிடுவது என்பதே ஆங்குத் தோன்றிய முதற் சிக்கல்களுள் ஒன்று. இறுதியில் 'இல்லப் பொருளியல்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் நிலைபெற்றது. 1908ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க இல்லப் பொருளியற் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் ரிச்சர்ட்ஸே.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் இக்கல்வி வேளாண்மையின் நிழலில் வளர்ந்தது. உழவர் மனைவியர்க்கு வாசிப்புப் பாடங்கள் எழுதுமாறு 1900இல் மார்தா வான் ரென்சலியர் அழைக்கப்பெற்றார். 1907இல் ஃபுளோரா ரோஸ் அவரோடு இணைந்தார். பெண்டிரைப் பேராசிரியராக ஏற்கலாமோ என ஆசிரியர் குழு நெடிது வாதிட்டு, 1911இல் இவ்விருவரையும் ஏற்றது. 1925இல் துறை தனிக் கல்லூரியாயிற்று.

குழந்தை பாடப்பொருளானது சற்றே பின்னர். விதைச் சோளத்தையும் பன்றியையும் மேம்படுத்த ஆராய்ச்சி நிலையம் உண்டெனின் குழந்தைக்கும் ஒன்று வேண்டாவோ என்று அயோவா மாநிலத்துக் கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்னும் அம்மையார் பல்லாண்டு வாதிட்டதன் பயனாக, 1917இல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்திற் குழந்தைநல ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. வாதத்தின் வலிமையும் அதன் குறையும் அவ்வுவமையிலேயே அடங்கியுள்ளன. 1920களில் ராக்ஃபெல்லர் நிதியினர் குழந்தையாய்வுக்குப் பெரும்பொருள் வழங்கவே, ஆய்வுக் கூடங்கள் பெருகின.

கார்னெலில் நிகழ்ந்தது இங்குச் சற்று விரித்துரைக்கத் தக்கது. மாணவியர் சிலர் கூடி வாழ்ந்து இல்லம் நடத்திப் பழகுவதற்கெனப் 'பயிற்சி மனை' ஒன்று அமைக்கப்பெற்றது. 1920இல் பெற்றோரைப் பிரிந்த ஒரு கைக்குழந்தை அம்மனைக்குக் கொணரப்பட்டது. அக்குழந்தைக்கு 'டிக்கி டொமெகான்' எனப் பெயரிட்டனர். பிற்பெயர் இத்துறையின் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றின் சுருக்கம். அதன்பின் வந்த குழந்தைகளும் அப்பெயரையே குடிப்பெயராகப் பெற்றனர். மாணவியர் முறைவைத்துத் தாயராயினர். ஊட்டும் நேரம், உறங்கும் நேரம், எடை ஆகியன ஏட்டில் ஏறின. பயிற்சிக்காலம் முடிந்தபின் குழந்தைகள் வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்க்கப்பட்டனர். அறிவியன்முறையில் வளர்ந்தவர் என்பதால் அவர்களைப் பெற விரும்பினோர் பலர்.

இதனைக் கொடுமை என ஒரு சொல்லில் ஒதுக்குதல் எளிது. ஆயின், கைக்குழந்தையை முத்தமிடுதலையும் மடியில் வைத்தலையும் தவிர்க்குமாறு உளவியலறிஞர் வாட்சன் 1928இல் நூலெழுதிய காலம் அது. அநாதை விடுதிகளில் நலிந்த குழந்தை பயிற்சி மனையிற் கொழுத்து வளர்ந்ததும் மெய்யே. எனினும், தாய் ஒருத்தியாதல் வேண்டுமா என்னும் வினாவை எவரும் எழுப்பாமல், முறைவைத்துத் தாய்மை பயிற்றியது அறிவியலின் பெயராலேதான். தாயை இழந்த குழந்தையின் மனநலம் பற்றி ஜான் பௌல்பி உலக நலவாழ்வு நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தபின், இவ்வழக்கத்திற்கு ஆதரவு குன்றலாயிற்று. குடும்ப உறவைப் பயில வந்த துறை, குடும்பமில்லாத குழந்தையைக் கருவியாக்கிக்கொண்ட இம்முரண் அதன் வரலாற்றினின்று நீக்கவியலாதது.

ஆடையியலின் கதை வேறு. அமெரிக்க அரசின் இல்லப் பொருளியற் செயலகம் 1923இல் தோன்றியது. ரூத் ஓ'பிரையன் மேற்பார்வையில் 1939–40இல் ஏறத்தாழ 15,000 பெண்டிரை அளந்து, ஆயத்த ஆடைகளின் அளவுகளை ஒழுங்குபடுத்த முயன்றது அச்செயலகம். அதற்குமுன் ஒரு கடையில் வாங்கிய ஆடையின் அளவெண் பிறிதொரு கடையிற் பொருந்தாது. ஆனால் கணக்கிற் கொள்ளப்பட்ட உடல்கள் வெள்ளையர்களுடையவை மட்டுமே. பிறரையும் அளந்தனர், அவ்வளவுகளைச் சேர்த்திலர். அளவுகோல் ஒருவரையும் விலக்காது என்பது நம் எண்ணம், அளப்போர் விலக்குவர்.

இந்தியாவில் 1932இல் தில்லி லேடி இர்வின் கல்லூரியும், 1950இல் பரோடாப் பல்கலைக்கழகத்து மனையியற் புலமும் தோன்றின. கோயம்புத்தூரில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி நிறுவப்பெற்றது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ராஜம்மாள் தேவதாஸ் அதன் முதல்வராகவும், 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபின் துணைவேந்தராகவும் விளங்கினார். ஈண்டுப் பயிற்சிக் குழந்தை வேரூன்றவில்லை. கல்லூரியோடிணைந்த மழலையர் பள்ளியே ஆய்வுக்கூடமாயிற்று. காலையில் வரும் குழந்தை பிற்பகலில் தாயிடம் திரும்பும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். கார்னெல் கல்லூரி 1969இல் 'மனிதச் சூழலியல்' எனப் பெயர் பூண்டது. அமெரிக்கச் சங்கமும் 1994இல் 'குடும்ப, நுகர்வோர் அறிவியல்' எனத் தன் பெயரை மாற்றியது. தமிழில் 'மனையியல்' இன்றும் வழங்குகிறது. 'மனை' என்பது பழந்தமிழில் இல்லத்தையும் இல்லாளையும் ஒருங்கே குறித்த சொல். அவ்விரு பொருளையும் பிரிக்கவே ஆங்கிலப் பெயர்கள் மாறின.