எண்ணெய்க்குள் இருக்கும் எள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாரு மரச்செக்கு ஓட்டினார். வாகை மரத்தில் கடைந்த உரல், ஒற்றை மாடு. எள் அரைபட்டு மாவாகி வரும் பக்குவம் பார்த்துக் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். அந்தப் பிசுக்கில் மாவு இறுகிப் பிண்ணாக்காகும். எண்ணெய் தனியே பிரிந்து வரும். தூக்குப்போசியோடு வருகிறவர்கள், "அரைப்படி எண்ணெ ஊத்துங்க" என்பார்கள். எந்த எண்ணெய் என்று அவர் கேட்டதே இல்லை. நல்லெண்ணெயைத்தான் அளந்து ஊற்றுவார். தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அவர் செய்தது சொல்லுக்கு நியாயம் என்று தமிழ் படித்த பிறகே எனக்குப் புரிந்தது. எள்ளும் நெய்யும் சேர்ந்தால் எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதே அதன் பிறவிப் பொருள்.

அப்படியானால் நெய்? சங்க காலத்தில் அது பொதுச்சொல். கூந்தலில் பூசியதும் நெய், விளக்கில் ஊற்றியதும் நெய், வெண்ணெயை உருக்கியதும் நெய். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விடுகிறார்கள். அதற்கு ஈடாக நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அது கறவையின் நெய். இன்று நமக்குத் தெரிந்த நெய் அது ஒன்றுதான்.

நெய் சுருங்கச் சுருங்க எண்ணெய் விரிந்தது. தேங்காயில் எடுத்ததும் வேப்பங்கொட்டையில் எடுத்ததும் எண்ணெயாயின. எள்ளின் எண்ணெய் தன் சொந்தப் பெயரையே பொதுவில் விட்டுவிட்டு, 'நல்ல' என்ற அடைமொழியோடு நல்லெண்ணெய் ஆனது. ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிந்த காலம் போய்விட்டது. விளக்கெண்ணெய் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. பூமிக்கடியில் இருந்து வந்த மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. பெயரில் இரண்டும் இருக்கின்றன.

அக்கம்பக்கத்திலும் இதே கதைதான். தெலுங்கின் நூனெயில் நுவ்வு என்ற எள் இருக்கிறது. வடமொழித் தைலம், திலம் என்ற எள்ளிலிருந்து வந்தது. ஆலிவ் பிழிந்த ஐரோப்பியரின் 'ஆயில்' என்ற சொல்லுக்கு அந்த ஆலிவே வேர். எந்த மண்ணில் எதை முதன்மையாகப் பிழிந்தார்களோ, அதுவே அங்கே எல்லா எண்ணெய்க்கும் பெயர் கொடுத்திருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத எத்தனையோ செக்காட்டிகளின் உழைப்பை இந்தச் சொற்கள் சுமக்கின்றன. அதனால்தான் இவற்றை வெறும் அகராதிச் சரக்காக என்னால் பார்க்க முடிவதில்லை.

மளிகைச் சீட்டில் என் மகள் 'எண்ணெய் 1 லிட்டர்' என்று எழுதுகிறாள். கடைக்காரர் சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டைக் கொடுத்தனுப்புகிறார். அதே சீட்டு அப்பாருவின் கைக்குப் போயிருந்தால் நல்லெண்ணெய்தான் வந்திருக்கும்.