நங்கூரமும் லங்கரும்: பொத்துவில் கரையிலிருந்து ஒரு சொல்லாய்வு

கிழக்கிலங்கைத் தமிழின் கடற்சொற்களை உருது, ஆங்கிலக் கடற்சொற்களுக்கு அருகே வைத்துப் பார்த்தால் அவை தாறுமாறாகக் கலந்தவை அல்ல என்பது தெரியவரும். மரத்தைக் குடைந்தும் பலகை தைத்தும் கரையிலேயே உருவாக்கிய கலத்தின் சொற்கள் தமிழாகவே நிற்கின்றன: தோணி, வள்ளம், தெப்பம், அணியம், அமரம், துடுப்பு, பாய்மரம். பல நாட்டார் ஒன்றாக ஏறிய பெருங்கப்பலில் ஆணை பிறந்த இடத்துச் சொற்களோ அரபும் பாரசீகமுமாக இருக்கின்றன: நங்கூரம், சுக்கான், மாலுமி, நாகுதா. ஒரு சொல்லைக் கேட்டு உடனே செயற்பட வேண்டியவர்கள் யார் என்பதே அச்சொல் எம்மொழியில் நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரண்டாம் தொகுதியிலுள்ள சொற்களுக்கு உருதிலும் உடன்பிறப்புகள் உண்டு. நங்கூரம் அங்கே லங்கர். சுக்கான் அங்கும் சுக்கான். கப்பல் தலைவரான நாகுதா அங்கும் நாகுதா. லகரத்தை மொழிக்கு முதலில் ஏற்காத பழந்தமிழ் மரபு, பாரசீக லங்கரை நகரத்தில் தொடங்க வைத்தது. கற்பிப்பவர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லான முஅல்லிம், வழியறிந்து கப்பலைச் செலுத்துபவரின் பட்டமாகி, தமிழில் மாலுமியாயிற்று. பிறகு கப்பலில் வேலை செய்யும் எவருக்கும் அது பொதுப்பெயரானது. உருதுக் கப்பல்வழக்கில் அதே சொல் 'மாலிம்' என்று அதிகாரிக்கே உரியதாக நின்றுவிட்டது.

இவற்றையெல்லாம் உருது வழியாக வந்தவை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் காலம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1344இல் மாலைதீவிலிருந்து புத்தளம் வந்திறங்கிய பயணி இப்னு பதூதா, அங்கு தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று பதிவு செய்கிறார். தமிழ் மன்னர் ஒருவர் பாரசீகத்தைப் புரிந்துகொண்டது கடல்வாணிகத்தின் தேவையால்தான் இருக்க வேண்டும். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தையொட்டிக் காலியில் நாட்டப்பட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது; அது இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இலங்கைத் துறைமுகம் ஒன்றில் வந்துபோகும் எல்லோருக்கும் செய்தி சேர வேண்டுமானால் தமிழையும் பாரசீகத்தையும் ஒரே கல்லில் வெட்ட வேண்டியிருந்தது. உருது கப்பற்தளத்தின் மொழியாக எழுமுன்பே தமிழும் பாரசீகமும் துறைமுகத்தில் பழகிவிட்டன. ஆகவே நங்கூரத்துக்கும் உருது லங்கருக்கும் உள்ள உறவைத் தாய்–மகள் உறவாகக் கொள்வதைவிட, ஒரே வாணிகக் கடலில் பிறந்த சகோதர உறவாகக் கொள்வதே பொருந்தும்.

கப்பல் உருதுக்கு அகராதி ஒன்று கிடைத்தது அதன் நற்பேறு. கோட்டை வில்லியம் கல்லூரியைச் சார்ந்த தாமஸ் ரூபக், ஆங்கில–இந்துஸ்தானிக் கடற்சொல் அகராதியை 1811இல் கல்கத்தாவில் வெளியிட்டார். இந்தியக் கப்பலாட்களான லஸ்கர்களுக்கு ஆங்கில அதிகாரிகள் கட்டளையிட உதவும் கையேடு அது. ஜார்ஜ் ஸ்மால் 1882இல் அதைத் திருத்தி லஸ்கரி அகராதி என்ற பெயரில் இலண்டனில் பதிப்பித்தார். லஸ்கர்கள் பேசிய அந்தக் கப்பல் உருதில் போர்த்துக்கேயமும் இறங்கியிருந்தது: பாய்மரத்துக்கு உருது வழங்கும் மஸ்தூல் என்ற சொல் போர்த்துக்கேயம் தந்தது. தமிழோ அந்த இடத்தில் பாய்மரத்தை விடவில்லை. படுக்கும் பாய்க்கும் காற்றைப் பிடிக்கும் பாய்க்கும் ஒரே பெயர் வைத்த கரைக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. படை என்னும் பொருளுடைய லஷ்கர் வடக்கே லஸ்கர் என்ற கப்பலாளைத் தந்தது. இலங்கையில் போர்த்துக்கேயர் கீழ்ப் பணிபுரிந்த உள்ளூர்ப் படைவீரர்கள் அதே வேரிலிருந்து லஸ்கரின் எனப்பட்டனர்.

ஆங்கிலம் தமிழிடம் கடன் வாங்கியதும் கலத்தின் உடற்பகுதியில்தான். சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் கட்டமரான் என்று எழுதினார். தோணியும் ஆங்கிலேயரின் கடற்குறிப்புகளில் டோனி என இடம்பெற்றது. 1876இல் நத்தானியேல் ஹெரெஷாஃப் அமெரிக்காவில் கட்டிய இரட்டை உடற்படகுக்குப் பிறகு, கட்டமரான் என்ற பெயர் மரங்களைக் கட்டி மிதக்கவிட்ட கலத்தை விட்டு முற்றிலும் வேறொரு வடிவத்துக்குப் போய்விட்டது. இன்று பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணி அப்பெயரைச் சொன்னால் அவர் மனத்தில் இருப்பது அந்த இரட்டைப் படகுதான். தாம் உச்சரிப்பது இக்கடலின் மறுகரைத் தமிழ் என்று அவர் அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. அதை நம் பிள்ளைகளாவது அறிந்திருக்க வேண்டும்.

கடலை விட்டுக் கரையேறிய சொற்களையும் அம்பாறைக் கரை தன்னிடம் வைத்திருக்கிறது. சம்மாந்துறையின் பெயரைச் சம்பான் என்னும் படகு வந்தணைந்த துறை என்று ஊரார் விளக்குவர். தென்கரையில் அம்பாந்தோட்டைக்கும் அதே விளக்கம் சொல்லப்படுகிறது. இன்னும் அழுத்தமான சான்று மரைக்கார். மரக்கலத்தோடும் கப்பலைக் குறிக்கும் அரபு மர்கபோடும் அறிஞர்கள் மாறிமாறி இணைக்கும் இச்சொல், கடல்வாணிகம் செய்த முஸ்லிம் குலங்களின் பெயராக இருந்தது. அக்கரைப்பற்றிலும் அதை ஒத்த ஊர்களிலும் குடிவழியாகத் தெரிவான பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு அதுவே பதவிப்பெயராயிற்று. இவ்வழக்கை மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆணையிடும் இடத்துச் சொல் கடலை விட்டு வந்தபோதும் அதிகாரத்தை விட்டு விலகவில்லை.

எந்திரம் வந்தபோது இவ்வொழுங்கு மறுபடி வேலை செய்தது. 1950களின் பிற்பகுதி தொடங்கி இலங்கை மீன்பிடி எந்திரமயமாக, எஞ்சின், போட், பின்னர் பைபர் போட், ஜிபிஎஸ் எல்லாம் ஆங்கிலமாகவே வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பொத்துவில் கரையின் கலங்களை அடித்துச் சென்ற பிறகு, நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் போட்டுகளே. தோணி என்ற சொல் வாழ்வதற்கான மரத்தோணிகள் அத்துடன் மேலும் அருகின. பின்பக்க அமரத்தில் எஞ்சின் பூட்டிய கலத்தில் சுக்கானுக்கும் வேலை குறைந்தது. போட் எப்படிப்பட்டதானாலும் அதை நிறுத்திவைக்க வேண்டியிருப்பதால் நங்கூரம் மட்டும் தப்பியது.

காற்றின் பெயர்களை எந்தப் புதுச்சொல்லும் தொடவில்லை. வானிலை அறிக்கை வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேல் பருவக்காற்று என்று பேசினாலும், கரையில் அவை வாடை, சோளகம்; மேற்கிலிருந்து வெக்கையோடு வீசுவது கச்சான். வாடைக் கொந்தளிப்பில் கரையிலிருந்து, அது ஓய்ந்தபின் கடலுக்குப் போகும் தொழிலில், காற்றைப் பற்றிய பேச்சு அயலாருக்குப் புரிய வேண்டிய கட்டளை அல்ல. தந்தை மகனுக்கும் சம்மாட்டி தம் ஆட்களுக்கும் சொல்வது அது. மாறாக, அறுகம்குடாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள் சர்ஃப், பாயிண்ட் என்று பேசக் காரணம், அவர்கள் பேச வேண்டியது பல நாட்டிலிருந்து வருபவர்களோடு என்பதே.