வாடகைக் கோட்டும் அளவு நாடாவும்

எட்டு முழ வேட்டிக்கு யாரும் உடம்பில் அளவு எடுத்ததில்லை. முழம் என்பது துணிக்குத்தான், கட்டுகிறவருக்கு இல்லை. ஒல்லியான மாப்பிள்ளையும் கட்டலாம், தொப்பை போட்ட மாமனாரும் கட்டலாம். அவசரத்துக்கு இரவல் வாங்கினாலும் ஒன்றும் குறையாது. கோட்டு சூட்டு அப்படி இல்லை. அதை இரவல் வாங்குவதற்கே உலகம் சுமார் நூறு வருஷம் தயாராக வேண்டியிருந்தது. எப்படி என்று பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தையல்காரரிடம் இஞ்ச் போட்ட நாடா கிடையாது. ஒரு நீளமான காகிதப் பட்டை வைத்திருப்பார். மார்பைச் சுற்றிப் பிடித்து ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, இடுப்புக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு. ஆளுக்கு ஒரு பட்டை. 1769இல் கார்சோ என்ற பிரெஞ்சுக்காரர் தையற்கலை பற்றி எழுதிய நூலில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. எண் என்பதே இதில் இல்லை, கவனித்தீர்களா? எந்த வெட்டு எதற்கு என்று வெட்டியவருக்குத்தான் தெரியும். நம் ஊரில் டெய்லரிடம் 'அளவுச் சட்டை' கொடுப்போமே, அளவு ரவிக்கை கொடுத்தனுப்புவார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். அளவு அந்தப் பொருளிலேயே இருக்கும். ஃபோனில் சொல்ல முடியாது!

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஞ்ச் நாடா பரவலானது. வெட்டு போய் எண் வந்தது. எண் வந்ததும் ஒருவர் அளவை இன்னொருவர் அளவோடு ஒப்பிட முடிந்தது. மார்பு இத்தனை என்றால் தோள் ஏறக்குறைய இத்தனை இருக்கும் என்று தையல்காரர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 1851இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் அளவெடுக்க நேரமேது? சில அளவுகளில் மொத்தமாகத் தைத்துக் குவித்தார்கள். ரெடிமேட் உடை வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1851இல்தான் லண்டன் கோவென்ட் கார்டன் பகுதியில் மோசஸ் மாஸ் என்பவர் பழைய துணி வியாபாரம் தொடங்கினார். பின்னாளில் மாஸ் பிரதர்ஸ் என்று புகழ்பெற்ற கடை. அவர்களுடைய வாடகை வியாபாரம் 1897இல் பிறந்த கதை சுவையானது. சார்லஸ் பாண்ட் என்று ஒரு பங்குத் தரகர். கையில் காசு வற்றிப்போய், பணக்கார வீட்டு விருந்துகளில் கலைநிகழ்ச்சி செய்து பிழைத்தார். அங்கே போக மாலை உடை வேண்டும். கடைக்காரர் நண்பர் என்பதால் அடிக்கடி வந்து இரவல் கேட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கடைக்காரர் கடைசியில் வாடகை கேட்டுவிட்டார் என்பது கதை. (நண்பருக்குக் கடன் கொடுத்த எந்த வங்கிக்காரனும் இந்த அலுப்பைப் புரிந்துகொள்வான்.)

வாடகையில் தையல் தர்மமே தலைகீழ். கோட்டு ஏற்கெனவே தயார், அதற்குப் பொருந்தும் ஆளைத்தான் தேட வேண்டும். கை நீளத்தையும் பேன்ட் நீளத்தையும் சிறிது மாற்றலாம். தோளைத் தொட முடியாது. அதனால்தான் வாடகைக் கடைக்காரர்கள் நம் டெய்லர்கள் வழக்கமாக எடுக்காத ஓர் அளவைக் கேட்கிறார்கள். இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, கைகளையும் சேர்த்துத் தோளுக்குக் கீழே சுற்றிவர ஓர் அளவு. 'ஓவர் ஆர்ம்' என்பார்கள். மார்பளவை விட இது ரொம்ப அதிகமாக வந்தால், கோட்டை ஒரு சைஸ் கூட்டிக் கொடுப்பார்கள்.

அளவு மட்டும் முன்னால் பயணம் போய், ஆள் பின்னால் போகும் பிரபலமான இடம் ஸ்டாக்ஹோம். நோபல் விழாவுக்கு வால் கோட்டு அணிய வேண்டும், அல்லது தேசிய உடை. பரிசு பெறுகிறவர்களில் பலர் முன்கூட்டியே அளவு அனுப்பி, அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். 1930இல் நம் சர் சி.வி. ராமன் தலைப்பாகையோடு போய் நின்றார். 2019இல் அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டிக்கொண்டார். கீழ்ப்பாதிக்காவது அளவு மிச்சம்!

நமக்கு நோபல் இல்லை, கல்யாணம் உண்டு. நியூஜெர்சியில் அக்கா பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி வாடகை டக்ஸீடோ. (1886இல் நியூயார்க் அருகே தொடங்கிய டக்ஸீடோ பார்க்கிலிருந்து வந்த பெயர்.) ஆறில் ஒருவன் என் மகன். அளவுப் படிவம் இங்கே தொம்மலூருக்கு வந்தது. சனிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமைதான் கோட்டு கைக்கு வரும். தப்பாக இருந்தால் திருத்த ஒரே நாள். ஒன்பது வருஷமாக நேரில் பார்க்காத அக்கா குடும்பத்தோடு எடுக்கப்போகும் ஒரே ஃபோட்டோ வேறு.

எங்கள் தெரு டெய்லர் ஓசூர்ப் பக்கத்துத் தமிழர். படிவத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், சட்டைக் கைக்கு நான் இருபத்திநாலுன்னு எழுதிருவேன். ஆனா படத்துல கோடு பின்கழுத்துலேர்ந்து வருது பாருங்க" என்றார். அங்கேதான் வில்லங்கம். நம் டெய்லர்கள் கை நீளத்தைத் தோள் முனையிலிருந்து எடுப்பார்கள். அமெரிக்கச் சட்டை அளவு பின்கழுத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. அதே கை அங்கே முப்பத்திநாலு! இடுப்பிலும் அப்படியே. ஜீன்ஸ் லேபிளில் 32 என்றிருக்கும், ஆனால் இந்தப் பேன்ட் தொப்புள் பக்கம் ஏறி நிற்கும். நாடா வைத்தால் 34.

எங்கள் தொழிலில் லெட்டர் ஆஃப் கிரெடிட் என்று உண்டு. வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். காகிதத்தில் 24 என்றால் 24தான். நியூஜெர்சிக் கடைக்காரரும் என் மகனைப் பார்க்கப்போவதில்லை.

டெய்லர் நாடாவைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கத்தைக் காட்டி, "இதுல வேணுமா சார்?" என்றார். 1956லேயே மெட்ரிக் சட்டம் போட்ட நாட்டில், இந்தப் பக்கத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. இஞ்சே போதும் என்றேன். பையனைக் கையைத் தொங்கவிடச் சொல்லி, ஓவர் ஆர்ம் அளவை இரண்டு தடவை எடுத்தார். அதைத் தன் நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டார்.