கரையிலிருந்து வந்த சொல்

கடலில் மூழ்கித் தொழில் செய்வோருக்கு அறிவுரை கூறுவதற்கு எக்காலத்திலும் ஆட்கள் குறைந்ததில்லை. இறங்குபவன் ஒருவனாயின், இப்படி இறங்கு, அப்படி ஏறு என்று சொல்பவர்கள் கரையில் பத்துப் பேர் இருப்பர். அவர்களிற் பெரும்பாலோர் முழங்கால் அளவு நீருக்கு அப்பால் சென்றவர்கள் அல்லர். ஆதலால், கேளாமல் வந்த சொல்லைச் சுழியோடி ஒரு புன்னகையோடு கேட்டு மறந்துவிடுவது வழக்கமாயிற்று. அது குற்றமன்று. கடலை அறிந்தவன் அவனே. ஆயினும், கடலை அறிந்தவன் அறியாத ஒன்றைக் கரையில் நின்றவன் கண்டறிந்து சொன்ன காலமும் உண்டு. அச்சொல்லைக் கேட்டவர்கள் பிழைத்தனர். அது எட்டாதவர்களிற் பலர் கைகால் விளங்காமற் போயினர். அந்த வரலாறு இன்று நம் கரைகளுக்கும் உரியதாகிவிட்டது.

மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். சிலாபத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் குளிப்புக் காலத்தில் கூடிய சுழியோடிகள் யாழ்ப்பாணத்திலிருந்தும், கீழக்கரை, தூத்துக்குடியிலிருந்தும், அரேபியக் கரையிலிருந்தும் வந்தவர்கள். சுழியோடி கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்திற்கு இறங்குவான். ஒரு நிமிட அளவில் சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டுக் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவர் விரைந்து இழுப்பார். அத்தொழிலின் முதல் விதி விரைந்து ஏறுவதே. தாமதித்தால் மூச்சு முட்டும்.

அச்சுழியோடிகள் அஞ்சியது சுறாவுக்கு. அதற்காகவே 'கடல்கட்டி' என்பவர் துறையில் இருந்தார். அவர் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவார் என்பது நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகள் இதனை மூடநம்பிக்கை என்றே கருதினர். ஆனாலும் கடல்கட்டி இன்றிச் சுழியோடிகள் நீரில் இறங்க மறுத்தமையால், அரசே அவருக்கு வேதனம் வழங்கியது. இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. ஆபத்தில் இறங்குபவன், தன்னோடு நிற்பவனின் சொல்லையே ஏற்பான். தூரத்திலிருந்து வரும் சொல் எத்துணை அறிவுடையதாயினும் அவன் செவியில் எளிதில் ஏறாது.

இதே போன்று கல்லைத் துணைகொண்டு மூழ்கிய மற்றொரு மக்கள் கூட்டம் கிரேக்க நாட்டுத் தீவுகளில் இருந்தது. கலிம்னோஸ், சீமி ஆகிய தீவுகளின் ஆடவர் கடற்பஞ்சு எடுப்பதற்காகத் தட்டையான கல்லொன்றைப் பற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் ஆழத்திற்குச் செல்வர். 1860களில் அவர்களிடம் புதிய சாதனமொன்று வந்து சேர்ந்தது. செம்பினாலான தலைக்கவசமும், நீர் புகாத உடையும், மேலேயிருந்து காற்றை இறைத்து அனுப்பும் பம்பியும் சேர்ந்த மூழ்குடை அது. ஒரு நிமிடம் நின்ற இடத்தில் இனி நெடுநேரம் நிற்கலாம்; மூச்சு முட்டாது. வருவாய் பெருகியது. அதனோடு ஒரு நோயும் வந்தது.

ஆழத்தில் நலமாக வேலை செய்தவன், மேலே வந்து கவசத்தைக் கழற்றிய பின்னர், மூட்டுகளில் தாங்கொணா வலி என்பான். சிலருக்கு இடுப்பின் கீழ் உணர்வு அற்றுப்போகும். சிலர் அப்படகிலேயே மாண்டனர். கலிம்னோஸ் தீவில் இன்றும் ஆடப்படும் நடனமொன்றில், தடியூன்றிய ஒருவன் நடுங்கும் கால்களோடு அடியெடுத்து வைக்க முயல்வதைக் காணலாம். அந்நோயால் முடமானவனின் கோலமே அது.

நோயின் காரணத்தைச் சுழியோடிகள் அறிய முடியாமற் போனதில் வியப்பில்லை. நீருக்குள் துன்பம் இல்லை. மேலே வந்த பிறகே துன்பம். அதற்கும் ஏறிய வேகத்திற்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதன்று. மேலும், விரைந்து ஏறு என்பதே தந்தையரும் பாட்டன்மாரும் கற்பித்த விதி. ஒரே மூச்சில் மூழ்கியவனைக் காத்த அவ்விதியே, காற்றுக் குழாயோடு மூழ்கியவனைக் கொன்றது. சாதனம் மாறிவிட்டது, விதி மாறவில்லை.

காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் போல் பேர். 1878இல் வெளியான தமது பெருநூலில் அவர் இதனை விளக்கினார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆழத்தில் அமுக்கம் மிகுதியாதலால், அந்த நைதரசன் இரத்தத்திலும் உடலிலும் கரைகிறது. மெல்ல ஏறினால் அது மூச்சு வழியே வெளியேறும். சடுதியாக ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தவுடன் பொங்கும் நுரைபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். அக்குமிழிகளே வலிக்கும் முடத்திற்கும் சாவுக்கும் காரணம். ஒரே மூச்சில் ஒரு நிமிடம் மூழ்குபவனின் உடலில் கரையும் வாயு சொற்பம். ஆகவேதான் பழைய முறையில் இந்நோய் மிக அரிதாக இருந்தது.

ஆகவே மெதுவாக, ஒரே சீராக ஏறவேண்டும் என்பது அன்றைய அறிவுரையாயிற்று. அறிவுரை நல்லதே, ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அதனைக் கண்டவர் ஸ்கொத்லாந்தில் 1860இல் பிறந்த ஜோன் ஸ்கொட் ஹால்டேன். அவர் சுழியோடி அல்லர். நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சுக் காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் 1905இல் அமைத்த ஆழ்நீர் மூழ்கற் குழுவில் அவர் இடம்பெற்றார். கடலில் இறங்கிய சுழியோடிகள் அவரை அழைக்கவில்லை.

ஹால்டேன் வந்தவுடன் விதி வகுக்கவில்லை. ஆழத்தில் மூச்சு வாங்குகிறது, வேலை செய்ய இயலவில்லை என்ற முறைப்பாட்டை முதலில் ஆராய்ந்தார். கவசத்தினுள் இருந்த காற்றைச் சோதித்தபோது, வெளிவிட்ட கரியமில வாயு அங்கேயே தேங்கியிருந்தமை தெரிந்தது. பம்பிகள் ஒழுகின, ஆழத்திற்கு ஏற்ற அளவு காற்று கீழே போய்ச் சேரவில்லை. ஆழம் கூடக்கூட அதே விகிதத்தில் காற்றையும் கூட்டவேண்டும் என்று அவர் காட்டினார். குறை சுழியோடியின் மன உறுதியில் அன்று, பம்பியில் இருந்தது.

அடுத்து, ஏறும் முறை. இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் இருந்த இரும்பு அமுக்க அறையில் ஆடுகளை வைத்து, அவரும் பொய்க்கொட் என்னும் மருத்துவரும் கடற்படை லெப்டினன்ட் டேமன்ற் என்பவரும் சோதனைகள் செய்தனர். வலி கண்ட ஆடு ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் நெடுநேரம் இருந்த ஆடு சாதாரண அமுக்கத்திற்குத் திரும்பினால் நோய் காண்பதில்லை. எனவே அமுக்கத்தைப் பாதியாகக் குறைக்கும் வரை அபாயம் இல்லை என்ற முடிவுக்கு ஹால்டேன் வந்தார். 165 அடி ஆழத்தில் அமுக்கம் ஆறு மடங்கு. 66 அடியில் அது மூன்று மடங்கு. அதுவரை தாமதமின்றி ஏறலாம். அதன் பின்னர் பத்துப் பத்து அடிக்கு ஒரு தரிப்பாக நின்று, மேலே வரவரக் கூடுதல் நேரம் தாமதிக்கவேண்டும். ஒரே சீராக ஏறுபவன், ஆழத்தில் வீணாகத் தங்கி மேலும் வாயுவை ஏற்கிறான். உண்மையில் அபாயமான மேற்பகுதியையோ விரைவிற் கடந்துவிடுகிறான். பழைய அறிவுரையின் குறை இதுவே.

சுழியோடியின் காதுக்கு இது விந்தையாகவே ஒலித்திருக்கும். இதனை நம்பவைத்தது வாதம் அன்று. 1906ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில், டேமன்றும் கற்றோ என்னும் கடற்படையினரும் தாமே அம்முறையைக் கைக்கொண்டு 35 பாகம், அதாவது 210 அடி ஆழம் சென்று நலமே மீண்டனர். அந்நாட்களில் ஹால்டேன் தம் பதின்மூன்று வயது மகனையும் மூழ்குடை அணிவித்துக் கடலில் இறக்கினார். உடை பெரிதாக இருந்தமையால் உள்ளே நீர் புகுந்தது, சிறுவன் அஞ்சவில்லை. அவனே பிற்காலத்தில் ஜே. பி. எஸ். ஹால்டேன் எனப் புகழ்பெற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தன் உடலையே அமுக்க அறையிற் சோதனைக்கு உட்படுத்தி, 1957இல் இந்தியாவிற் குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அறிஞர்.

ஹால்டேனின் அட்டவணைகள் 1908இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வெளிவந்தன. அவற்றின் பயனைப் பின்னர் உலகம் கண்டது. 1917இல் அயர்லாந்தின் வட கரைக்கு அருகே 'லோரென்ரிக்' என்ற கப்பல் 3,211 தங்கக் கட்டிகளோடு மூழ்கியது. அதனை மீட்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் அதே டேமன்ற். 1924 வரை நடந்த அப்பணியில் ஏறத்தாழ ஐயாயிரம் தடவை சுழியோடிகள் இறங்கி ஏறினர். 3,186 கட்டிகள் மீண்டன. ஓர் உயிரேனும் பலியாகவில்லை.

ஆயினும் ஹால்டேன் சொன்ன யாவும் முடிந்த முடிபாக நிற்கவில்லை. நீண்ட நேரம் ஆழத்தில் இருந்தவர்களுக்கு அவரது கணக்குப் போதாது என்பது அனுபவத்தில் தெரிந்தது. பிற்காலத்தவர் அட்டவணைகளைத் திருத்தினர். காரணத்தோடும் கணக்கோடும் சொல்லப்பட்ட சொல்லாதலால், அதனைச் சோதிக்கவும் திருத்தவும் முடிந்தது. காரணம் சொல்லாத அறிவுரையைத் திருத்த வழியே இல்லை.

1943இல் பிரான்சில் கூஸ்ரோவும் கன்யானும், முதுகிற் சுமந்து செல்லும் காற்றுச் சிலிண்டருக்குரிய சீராக்கியை ஆக்கினர். அதன் பின் மூழ்குதல் கடற்படையின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. இன்று மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' கப்பலை, 170 அடிக்கும் மேற்பட்ட ஆழத்திற் சென்று காண்போர் உளர். நம் கரைகளில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குவோரும் உளர். அதனைப் பலர் ஒட்சிசன் சிலிண்டர் என்பர். உண்மையில் அதிலிருப்பது அமுக்கப்பட்ட சாதாரணக் காற்று. அன்று கிரேக்கத் தீவுகளிற் கண்ட நோய், இன்று நம் கடலட்டைச் சுழியோடிகளையும் தாக்குகின்றது.

முத்துக்குளித்த முன்னோரின் அனுபவம் பெருமைக்குரியது. ஆனால் அவர்கள் சிலிண்டரை அறியாதவர்கள். மூச்சை அடக்கு, விரைந்து ஏறு என்பன அவர்தம் இரு விதிகள். சிலிண்டரோடு இறங்குபவனுக்கு இரண்டும் தலைகீழ். ஏறும்போது அவன் மூச்சை அடக்கினால் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும். விரைந்து ஏறினால் குமிழிகள் அவனை முடமாக்கும்.

ஆகவே, அறிமுகமில்லாத ஒருவர் கரையில் வந்து பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது, அவர் அந்நியர் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். கற்றவர் என்பதற்காகத் தலைமேற் கொள்ளவும் வேண்டாம். இதற்குக் காரணம் யாது, இது எவ்வாறு சோதிக்கப்பட்டது, இந்த ஆழத்திற்கும் இந்தச் சாதனத்திற்கும் இது பொருந்துமா என்ற மூன்றையும் சுழியோடி கேட்கட்டும். விடை சொல்ல இயலாதவருக்கு ஒரு வணக்கம் போதும். விடை சொல்பவருக்காகச் சிறிது நேரம் நின்று கேட்பது, ஏறும் வழியில் பத்தடிக்கு ஒருமுறை தரித்து நிற்பதைப் போன்றதே. தாமதமாகத் தோன்றும், ஆனால் வீட்டுக்கு நடந்து போக வைப்பது அதுவே.