பெரியம்மையின் பெயர்களும் ஊசியின் வரலாறும்

ஒரு நோய்க்குச் சமுதாயம் இடும் பெயர், அந்நோயை அது எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்குச் சான்றாகும். பெரியம்மையைக் குறிக்கும் இந்திய மொழிச் சொற்கள் இவ்வகையில் தனி ஆய்வுக்குரியன.

வடமொழி மருத்துவ நூல்கள் இந்நோயை ‘மசூரிகா’ என்கின்றன. கொப்புளம் மசூர்ப் பருப்பை ஒத்திருத்தல் பற்றி வந்த பெயர் இது. வீட்டு வழக்கோ வேறு. இந்தியில் ‘மாதா’, மராத்தியில் ‘தேவி’, தமிழில் ‘அம்மை’. வங்க மொழியில் ‘தாயின் அருள்’ என்னும் பொருளுடைய தொடரே வழங்கிற்று. உடல் தீயாய்க் கொதிக்கும் நோய்க்குரிய வடபுலத் தெய்வம் சீதளா, அதாவது குளிர்ந்தவள். நன்னூலார் கூறும் மங்கல வழக்கு இது எனலாம். ஆயின் அவ்வளவில் நில்லாது. வேம்பும் குளிர்ந்த உணவும் பிறர் வருகையைத் தவிர்த்தலும் ஆகிய பராமரிப்பு முறை முழுவதும் அப்பெயரில் அடங்கியுள்ளது.

தெய்வ நம்பிக்கையே மக்களை அம்மைக் குத்தலுக்குப் பகையாக்கிற்று என ஆங்கில அதிகாரிகள் பலர் எழுதினர். இக்கூற்று வரலாற்றோடு பொருந்தவில்லை. வங்காளத்தில் அந்தணர் சிலர் முந்தைய ஆண்டின் கொப்புளச் சீழைக் கையில் கீறி ஏற்றியதையும், அப்போது வழிபாடு நிகழ்த்தியதையும் ஹால்வெல் 1767இல் இலண்டனில் விரித்துரைத்தார். ஜென்னரின் 1796ஆம் ஆண்டுச் சோதனைக்கு முன்னரே தெய்வமும் ஊசியும் உடனுறைந்தன என்பது இதனால் பெறப்படும். இம்முறையின் பெயர் ‘டீகா’. நெற்றிப் பொட்டுக்கும் அதுவே பெயர்.

1802 ஜூன் 14இல் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமிக்கு இடப்பட்ட புதிய அம்மைப்பாலில் சடங்கும் இல்லை, நோன்பும் இல்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தைக்கு அது மாற்றப்பட்டது. சாதி எல்லையைக் கடந்த இம்மாற்றத்திற்கும், தம் குழந்தையின் புண்ணை மீண்டும் கீறுவதற்கும் பெற்றோர் தயங்கினர். இத்தயக்கத்தை அறியாமை என ஒதுக்குதல் எளிது, நேர்மையன்று.

பழைய முறை கல்கத்தாவில் 1865இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டதன் பெயரோ அதன் இடத்தைப் பிடித்ததற்கே வாய்த்தது. 2021இல் கொரோனாத் தடுப்பூசியையும் இந்தியும் வங்கமும் ‘டீகா’ என்றே வழங்கின. மராத்தியில் அம்மை குத்துதல் ‘தேவி காடணே’, அதாவது தேவியை வெளிக்கொணர்தல்.

இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. உலகம் விடுபட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மை, தட்டம்மை என்னும் பெயர்களில் தாய் இன்றும் இருக்கிறாள். ஊசி போட்டுக்கொண்ட வீட்டிலும் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது.