பகைவனாக வந்த மருத்துவன்: ஆற்றுவாழையின் கதை

கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி மாரி வெள்ளத்தில் மூழ்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஒரு செய்தி இடம்பெறுவதுண்டு. ஆற்றுவாழை நீரோட்டத்தை அடைத்துக்கொண்டது. அதனை அகற்றித் தருமாறு மக்கள் கோருகின்றனர் என்பதே அச்செய்தி. இத்தகைய செய்திகளை எத்தனை முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அதே தாவரம் மாசடைந்த நீரைச் சுத்திகரிக்க வல்லது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது வியப்பே மேலிட்டது. ஒரே தாவரம் ஓரிடத்தில் பகைவனாகவும் வேறோரிடத்தில் மருத்துவனாகவும் விளங்குவது எங்ஙனம்? அதன் வரலாற்றிலேயே விடை உள்ளது.

ஆற்றுவாழையின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் பள்ளத்தாக்கு. தமிழகத்தார் இதனை வெங்காயத்தாமரை என்பர். ஊதா நிறப் பூவின் அழகில் மயங்கிய மனிதரே இதனைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்றனர். இலங்கைக்கும் இது 1905 ஆம் ஆண்டளவில் அலங்காரச் செடியாகவே வந்தது. நான்கே ஆண்டுகளில், 1909 இல், இதனை ஒழிப்பதற்கென்று தனியாக ஒரு கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானிய ஆட்சியினர் இயற்ற நேர்ந்தது. அவ்வளவு விரைவில் அது நீர்நிலைகளைக் கைப்பற்றியிருந்தது. வங்காளத்தில் 1936 இல் இதற்கெனச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் ஆற்றுவாழை ஒழிப்பு அரசியல் வாக்குறுதியாகவும் ஒலித்தது. சிங்கள மக்கள் இதனை 'ஜப்பன் ஜபர' என்றழைக்க, வங்காளிகளோ இதற்கு ஜேர்மனியின் பெயரைச் சூட்டினர். பிரேசிலில் பிறந்த செடிக்குப் போர்க்காலப் பகைவரின் பெயர்கள் வாய்த்தமை, மக்கள் மனத்தில் அது பெற்றிருந்த இடத்தை உணர்த்துகின்றது.

இப்பகைவனை வேறு கண்கொண்டு நோக்கியவர்களுள் அமெரிக்காவின் நாசா நிறுவன விஞ்ஞானி வுல்வர்ட்டன் குறிப்பிடத்தக்கவர். 1970களில் மிசிசிப்பி மாநிலத்தில், கழிவுநீர்த் தேக்கங்களில் இச்செடியை வளர்த்து அவர் ஆய்வுகளை நடத்தினார். நீருக்குள் தொங்கும் அடர்ந்த வேர்த் தொகுதி வடிகட்டி போன்று நுண்துகள்களைப் பற்றிக்கொள்கின்றது. வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் சேதனக் கழிவுகளைச் சிதைக்கின்றன. நைதரசனையும் பொசுபரசையும் செடி உணவாக உறிஞ்சுகின்றது. ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களும் பெரும்பாலும் வேரில் சேர்ந்துவிடுகின்றன. எந்தப் பெருந்தீனி இச்செடியைக் களையாக்கியதோ அதுவே இதனை மருத்துவனாகவும் ஆக்கியது.

கொல்கத்தா நகரின் கிழக்கே அமைந்த சதுப்பு நிலத்தில் மீனவர் இதனை அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர். நகரின் கழிவுநீர் பாயும் மீன்குளங்களின் ஓரங்களில் அவர்கள் ஆற்றுவாழையை வரம்புகட்டி வளர்த்து வந்தனர். அது கரையை அலையிலிருந்து காக்கும். நீரின் நஞ்சையும் ஓரளவு உறிஞ்சும். இந்த அறிவை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியியலாளர். ஏறக்குறைய 12,500 ஹெக்டெயர் பரப்புடைய இச்சதுப்பு நிலம் 2002 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

எனினும், செடியை வளர்ப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். உறிஞ்சிய அழுக்கு மறைந்துபோவதில்லை. செடியின் உடலிலேயே தங்குகின்றது. உரிய காலத்தில் அறுவடை செய்யாதுவிடின் செடி அழுகி, உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நீரின் ஒட்சிசனும் குன்றி மீன்கள் மடியும். பார உலோகங்களை உறிஞ்சிய செடியை மாட்டுக்குத் தீனியாகவோ வயலுக்கு உரமாகவோ இடுவதும் ஆபத்தானது. ஆகவே, மருத்துவனையும் பகைவனையும் பிரிக்கும் கோடு செடியில் இல்லை. அதனைப் பராமரிக்கும் கைகளிலேயே உள்ளது.

இவ்வுண்மையை எமது நாட்டின் பழைய குளங்கள் ஏற்கனவே அறிந்திருந்தன. உலர்வலயக் குளங்களின் மேற்புறத்தில், வந்துசேரும் நீரின் வண்டலை வடிகட்டவென்று புல்லும் கோரையும் செறிந்த பகுதியொன்று விடப்பட்டிருந்தது. சிங்களத்தில் இதன் பெயர் 'பெரஹன'. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையிலோ மருது, தாழை முதலியன வளர்ந்த 'கட்டகடுவ' இருந்தது. கசியும் நீரின் உவர்த்தன்மை வயலைச் சேராது தடுப்பது அதன் பணி. எல்லங்கா என்னும் இத்தொடர்குளக் கிராம முறையை 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

அம்முறை நிலைத்தமைக்குத் தாவரங்கள் மட்டும் காரணமல்ல. ஊரார் கூடிக் குளத்தைப் பேணினர். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832 இல் நீக்கப்பட்டமை மனிதாபிமான நோக்கில் சரியானதே. ஆயினும், அதன் இடத்தை நிரப்பப் புதிய ஏற்பாடு எதுவும் உடனே செய்யப்படாமையால் பல குளங்கள் தூர்ந்தன.

இன்று குளங்களில் வந்து சேர்வது வண்டல் மட்டுமன்று. வயலின் உரமும் கிருமிநாசினியும் நகரின் சாக்கடையும் சேர்கின்றன. இவற்றை உறிஞ்சத் தாவரங்கள் ஆயத்தமாகவே உள்ளன. உண்ட செடியை வாரி எடுத்துப் பாதுகாப்பாக அகற்ற யார் முன்வருவர்? இவ்வினாவுக்கு விடை காணாத வரையில், அடுத்த மாரியிலும் கிட்டங்கியிலிருந்து அதே செய்திதான் வந்துசேரும்.