தண்டவாளத்தில் ஓடிய பைக்கும் சஹாராவைத் தாண்டிய இரண்டு பெண்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். இன்றைக்கு நான் வருகைப் பதிவேடு எடுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி, இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள், வரும் ஜூன் மாதம் கன்னியாகுமரியிலிருந்து லடாக்கில் இருக்கிற லே நகரம் வரை பைக்கில் போகத் திட்டம் போட்டிருக்கிறாள். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளுடைய அப்பா எனக்குப் போன் செய்து, "அக்கா, நீங்க சொன்னா அவ கேப்பா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். உறவுக்காரப் பெரியவர் ஒருவரோ வாட்ஸ்அப்பில் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தையில் சொல்வது எனக்கு வராது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு எதையும் வரலாற்றிலிருந்து ஆரம்பித்துத்தான் பழக்கம்.

1903-க்குப் போவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் போனதில்லை. காரிலும் இல்லை, பைக்கிலும் இல்லை. ஜார்ஜ் வைமன் என்ற சைக்கிள் பந்தய வீரர் அந்த வருஷம் மே 16 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார். அவர் ஓட்டியதை இன்றைக்கு யாரும் பைக் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சைக்கிள் சட்டத்தில் சின்னதாக ஒரு எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். ஒன்றேகால் குதிரைசக்தி. நான் பள்ளிக்கூடம் போய்வந்த டிவிஎஸ் 50-க்குக்கூட அதைவிட வலு அதிகம். சக்கரத்தைச் சுற்ற ஒரு தோல் பெல்ட். கியர் கிடையாது. எஞ்சின் நின்றுபோனால் மிதிக்கப் பெடல் உண்டு. அந்தப் பெடல் எவ்வளவு முக்கியம் என்பது கடைசியில்தான் அவருக்குத் தெரிந்தது.

பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே அப்போது கிடையாது. வழியில் இருக்கிற கடைகளில் வாங்கித் தகர டப்பாவில் ஊற்றிக்கொள்ள வேண்டும். சாலையும் கிடையாது. இருந்த வண்டித்தடமெல்லாம் மழையில் சேறாகிக் கிடந்தது. வைமன் என்ன செய்தார் தெரியுமா? ரயில் தண்டவாளத்தில் ஏறிவிட்டார். சிலிப்பர் கட்டைகளின் மேலேயே தடக் தடக் என்று நூற்றுக்கணக்கான மைல் போனார். ரயில் வந்தால் வண்டியைத் தூக்கி ஓரமாகப் போட வேண்டும். சியரா நெவாடா மலையில் பனி விழாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு மேலே மரக்கூரை போட்டிருப்பார்கள், குகை மாதிரி இருட்டு. அதற்குள்ளேயும் போனார். அந்த அதிர்ச்சியை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் மினிபஸ்ஸில் கடைசி சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து வந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

சிகாகோ பக்கம் உதிரி பாகத்துக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தார். கடைசியில் ஆல்பனி நகரத்துக்கு அருகே எஞ்சின் கையை விரித்துவிட்டது. மீதி 240 கிலோமீட்டர். மனிதர் அந்த மோட்டார் சைக்கிளை வெறும் சைக்கிளாக மிதித்தே நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஜூலை 6, சுமார் 50 நாள். அடுத்த 20 நாளில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர் காரில் வந்து சேர்ந்தார். அவரோடு ஒரு மெக்கானிக்கும் ஒரு நாயும் இருந்தார்கள். அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் கார் என்று இன்றைக்கும் அவரைத்தான் கொண்டாடுகிறார்கள். தனியாக, முன்னாலேயே வந்து சேர்ந்த வைமனை மறந்தே போனார்கள். எனக்கு இதில் கொஞ்சம் ஆற்றாமை உண்டு.

துணிச்சல் மட்டும்தான் அவரிடம் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய வருஷமே அவர் அதே சியரா மலையை மோட்டார் சைக்கிளில் தாண்டி ரீனோ வரை போய்ப் பார்த்திருக்கிறார். மலையில் எஞ்சின் எப்படித் திணறும், எங்கே தள்ள வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே கைப்பாடம். அந்த ஒத்திகைதான் அவருடைய திட்டம். எங்கள் மாணவி இதுவரை ஓட்டியதில் அதிக தூரம் புதுக்கோட்டை – சென்னை. அது சமவெளி. மூட்டை முடிச்சோடு, மழையோடு, வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோ இரண்டு முறையாவது போய்வரட்டும். மலை இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டு வராமல் சின்ன கியரில் இறங்குவதைக் கை தானாகச் செய்ய வேண்டும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் பெரியவருக்காக ஒரு கதை. கதை இல்லை, நடந்தது.

1916. ஐரோப்பாவில் உலகப்போர். அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை, ஆனால் இறங்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் அகஸ்டா, அட்லின் வான் பியூரன் என்று அக்காவும் தங்கையும். போரில் தகவல் கொண்டுபோகும் பைக் வேலையைப் பெண்களும் செய்யலாம், அந்த வேலைக்கு இருக்கிற ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பலாம் என்பது அவர்கள் வாதம். வாதம் செய்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆளுக்கொரு இண்டியன் பவர் பிளஸ் பைக்கை எடுத்துக்கொண்டு ஜூலைத் தொடக்கத்தில் கிளம்பிவிட்டார்கள். இண்டியன் என்பது அமெரிக்கக் கம்பெனியின் பெயர், நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிகாகோவைத் தாண்டியதும் சின்னச் சின்ன ஊர்களில் போலீஸ் பிடித்தது. என்ன குற்றம்? வேகமாக ஓட்டியதா? இல்லை. ஆண்கள் உடை போட்டிருந்தார்களாம்! பைக் ஓட்டத் தோல் கால்சட்டை போட்டிருந்ததற்குத்தான் அந்தக் கைது. கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு மோட்டார் வண்டியில் ஏறிய முதல் பெண்கள் அவர்கள்தான். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, எஞ்சினும் மூச்சுத் திணறும், மனிதனும் திணறுவான். சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தவறி, குடிதண்ணீர் தீர்ந்துபோய், உலோகம் தேடி அலையும் ஒரு மனிதர் தற்செயலாக வந்து தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார்கள். 60 நாளில் சுமார் 5,500 மைல். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம்? ராணுவம் அவர்கள் விண்ணப்பத்தை நிராகரித்தது. பைக் பத்திரிகை ஒன்று வண்டியைப் புகழ்ந்தது, பயணத்தை "விடுமுறை உலா" போல எழுதியது. டென்வர் நகரத்துப் பத்திரிகை ஒன்று இன்னும் மோசம். வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கவும் உடையைக் காட்டிக்கொள்ளவும் நாட்டுப்பற்றைச் சாக்காகச் சொல்கிறார்கள் என்று எழுதியது. பெரியவரே, உங்கள் குரல் பதிவுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிவிட்டது!

தங்கை அட்லின் பள்ளி ஆசிரியை. படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பின்னால் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்துப் பட்டம் வாங்கினார். அக்கா அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

நம் புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? 1991 வாக்கில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்றார்கள். நானும் இயக்கத்தில் தொண்டராக இருந்து கண்ணால் பார்த்தவள். அன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கேலி செய்தவர்கள் உண்டு. அந்த வீடுகளிலிருந்துதான் இன்றைக்குப் பேத்திகள் ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிறார்கள். நான் பின்னால் மொபெட் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கூட வேலை பார்த்த ஒருவர், "டீச்சருக்கு என்ன அவசரம், பஸ் இல்லையா" என்று கேட்டார். பஸ் ஒன்பதே முக்காலுக்கு. பிரேயர் ஒன்பதரைக்கு.

தம்பி (மாணவியின் அப்பாவைத்தான் சொல்கிறேன், அவர் என்னைவிட இளையவர்), "வேண்டாம்" என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அவள் அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். ஆறே நாளில் லே. கன்னியாகுமரியிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு மேல். தினம் 600-க்குக் குறையாமல் ஓட்ட வேண்டும், அதுவும் கடைசியில் மலை. இந்த ஆறு நாள் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன். அவள் போவதை அல்ல.

அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் கொடுப்பவர்கள். அவ்வளவு தூரப் பைத்தியங்களே சொல்லும் அறிவுரை என்ன தெரியுமா? வேகத்தை மற. களைப்பு வந்தால் நிறுத்து, நிறுத்தக் கற்றவன்தான் சீக்கிரம் போய்ச் சேருவான். கிளம்புவதற்கு முன்தினம் வண்டியில் புதுச் சாமான் எதையும் மாட்டாதே. இந்தக் கடைசியை மட்டும் அவள் இரண்டு முறை படிக்க வேண்டும். பெட்டி, விளக்கு, சீட் கவர் எல்லாம் மே மாதக் கடைசியில் மாட்டப் போகிறாளாம். இப்போதே மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கட்டும். எந்த நட்டு கழல்கிறது என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துபோகும்.

லே நகரம் சுமார் 11,500 அடி உயரம். போனவுடன் இரண்டு நாள் எங்கேயும் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் மேலே ஏறவே கூடாது, குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். மனோதிடத்தால் வெல்ல முடியாத விஷயம் அது, உடம்பு சம்பந்தப்பட்டது. குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டவே கூடாது. பன்னிரண்டு பதினான்கு நாள் வைத்துக்கொண்டால் இதெல்லாம் நடக்கும். லீவு கிடைக்காது என்றால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வண்டியை டெல்லி வரை ரயிலில் பார்சல் போட்டு அங்கிருந்து ஓட்டினால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

தனியாகப் போகாதே, கூட ஒருத்தி இருக்கட்டும் என்றும் அவளிடம் சொன்னேன். அதற்கு எனக்குப் பிடித்த சான்று தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன். இருவரும் ஆங்கிலேயர்கள். லண்டனில் பொறியியல் படித்தவர் வாலக். பந்தய ஓட்டத்தில் மணிக்கு நூறு மைல் தாண்டியவர் பிளென்கிரன். 1934 டிசம்பர் 11 அன்று லண்டனிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கிற கேப்டவுனுக்குக் கிளம்பினார்கள். 600 சிசி பேந்தர் பைக், பக்கவாட்டில் சைடுகார், அதற்கும் பின்னால் ஒரு டிரெய்லர். கூடாரம், சாமான், தண்ணீர், உதிரி பாகம் எல்லாம் அதில். ஒரு சிலிண்டர் எஞ்சின் இத்தனையையும் இழுத்தது.

நடுவில் சஹாரா. திசைகாட்டிகூட இல்லாமல் போனார்கள். மணலில் சக்கரம் புதைந்தால் தோண்டுவார்கள், தள்ளுவார்கள், ஏறுவார்கள், கொஞ்ச தூரத்தில் மறுபடி புதையும். ஒருத்தி தள்ள ஒருத்தி ஓட்ட வேண்டும். தனி ஆளாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். பாலைவனத்தின் தென்விளிம்பில் எஞ்சின் பழுதாகி, வண்டியை அகாடெஸ் ஊருக்கு இழுத்துப்போக வேண்டியதாயிற்று. அங்கே எஞ்சினை முழுசாகப் பிரித்து மறுபடி கட்டினார்கள். பிறகு காங்கோ காடு, கிழக்கு ஆப்பிரிக்கா. 1935 ஜூலை 29-ல் கேப்டவுன். ஏழரை மாதம்.

படித்த படிப்பு பாலைவனத்தில் கைகொடுத்தது. நம்மவள் பஞ்சர் ஒட்டவும், செயின் சரிசெய்யவும், பிளக் மாற்றவும் நம் ஊர் மெக்கானிக் கடையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகினால் போதும்.

வாலக் பிறகு 1939-ல் 350 சிசி நார்ட்டன் பைக்கில் அவரும் அந்த நூறு மைலைத் தாண்டினார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தகவல் கொண்டுபோகும் பைக் வேலையைச் செய்தார். வான் பியூரன் சகோதரிகள் கேட்டுக் கிடைக்காத அதே வேலை. பின்னால் அமெரிக்காவில் குடியேறி, பைக் கடை வைத்து, அதை விற்றுவிட்டு அரிசோனாவில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தினார். பார்வை மங்கியதால் 88 வயதில்தான் ஓட்டுவதை நிறுத்தினார். சொந்தமாகக் கார் வாங்கவே இல்லை. 1999 ஏப்ரல் 30 அன்று, தம்முடைய 90-வது பிறந்தநாளில் காலமானார். சஹாரா பயணத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்தது அதற்குப் பிறகுதான் புத்தகமாக வந்தது.